இரவல் சேலையும் இடுப்புக் கந்தையும்

ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் நம் நாட்டுச் சின்ன முற்போக்குக் கட்சிகளை ஒரு விசித்திர நோய் பிடித்துக்கொள்கிறது. உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் தீர்மானம் போடத் தெரிந்தவர்கள், அந்த ஒரு மாதம் மட்டும் ஊமையாகிவிடுகிறார்கள். பெரிய கட்சிகளின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். உள்ளே பெரியவர்கள் பேசி முடித்து ஒரு பெயரைச் சொல்லி அனுப்புகிறார்கள். இவர்கள் அந்தப் பெயரைத் தங்கள் தராசில் நிறுத்துப் பார்த்து, எடை குறைந்தாலும் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஒருவர் தலையாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு.

எனக்கு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் சீட்டுக் கிடையாது. ஆனால் இந்த வழக்கில் எனக்கு ஒரு கட்சி உண்டு. இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகள், பார்வர்டு பிளாக், புரட்சி சோஷலிஸ்டுக் கட்சி, லிபரேஷன் கட்சி, தமிழ்நாட்டில் விடுதலைச் சிறுத்தைகள், ம.தி.மு.க. என்று தனித்தனியே எண்ணினால் விரலுக்குள் அடங்கிவிடுகிற கட்சிகளெல்லாம், பெரியவர்கள் கூப்பிடுவதற்கு முன்பே ஒன்றாகக் கூட வேண்டும். தங்களுக்குள் ஒரே ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்த வேண்டும். அவர் தோற்பார். தோற்பார் என்று தெரிந்தேதான் நிறுத்த வேண்டும். இதுதான் என் கட்சி. நியாயங்களைச் சொல்கிறேன், வாசகர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

*

"மக்கள் ஓட்டுப் போடாத தேர்தலைப் பற்றி நமக்கென்ன?" என்றுதான் முதலில் கேட்பார்கள். புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதி டீக்கடை வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தால், யாரும் இதைத்தான் சொல்வார்கள். ஜனாதிபதி யாராக இருந்தால் என்ன, வெள்ளாற்றில் தண்ணீர் ஓடப் போகிறதா, கடலைக்கு விலை ஏறப் போகிறதா என்பார்கள். கேள்வி நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். பாராளுமன்றத்திலும் சட்டசபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே அங்கே ஓட்டுப் போடுகிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டில்லை. 2022 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபை உறுப்பினர் ஒருவருடைய ஓட்டுக்கு மதிப்பு 176. 1971-ஆம் வருஷத்து ஜனத்தொகையை 234 தொகுதிகளால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கிற எண் அது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று ஆறு தொகுதிகள். ஆறுக்கும் சேர்த்தால் 1,056. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் நம் மாவட்டத்துச் சட்டசபைத் தொகுதிகளின் எடை அது. நம் பெயரால் போடப்படுகிற ஓட்டு எதற்காகப் போடப்படுகிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

அந்த நாற்காலி வெறும் அலங்கார நாற்காலியும் அல்ல. 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு, மந்திரி சபை கூடுவதற்கு முன்பே, நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டது ஒரு ஜனாதிபதியின் பேனா. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு நம் சட்டசபை 2017-இல் நிறைவேற்றிய மசோதாக்கள் அந்த வாசல் வரை போய்த் திரும்பின. 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறையாக நிறைவேற்றி அனுப்பிய மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. மகளை டாக்டருக்குப் படிக்கவைக்கக் கனவு காண்கிற ஆலங்குடித் தகப்பனுக்கு அந்த நாற்காலியோடு சம்பந்தமில்லை என்று யார் சொல்வது?

மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர்தானே ஜனாதிபதி என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பொறுத்து நாற்காலியும் மாறுகிறது. 1997-இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொல்லியும், 1998-இல் பீகார் அரசைக் கலைக்கச் சொல்லியும் மந்திரி சபை அனுப்பிய சிபாரிசுகளை, "மறுபடி யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பினார் கே.ஆர். நாராயணன். அதே அரசியல் சட்டம்தான், அதே நாற்காலிதான். உட்கார்ந்தவர் வேறு.

*

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றுமை என்பது மேடையில் சுலபமாகச் சொல்லக்கூடிய வார்த்தை. நடைமுறையில் அதற்கு ஒரு விலை உண்டு. சட்டசபைத் தேர்தல் என்றால் தொகுதிப் பங்கீடு என்று ஒன்று வந்து நிற்கிறது. பத்து வருஷம் கொடி பிடித்து, போலீஸ் அடி வாங்கி, ஒரு தொகுதியைப் பண்படுத்திய தொண்டனிடம், "அந்தத் தொகுதியைத் தோழமைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் மனம் கசந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அவனைக் குறை சொல்ல எனக்கு நா எழாது.

விலை கொடுக்க மறுத்தாலும் நஷ்டம்தான். தமிழ்நாட்டில் 1967 பொதுத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். காங்கிரஸுக்கு அந்தத் தேர்தலிலும் நூற்றுக்கு 41 ஓட்டுகள் விழுந்தன, தி.மு.க.வுக்கு விழுந்ததைவிட அது ஒரு பிடி அதிகம். ஆனால் எதிர்த்து நின்றவர்கள் ஓட்டைப் பிரிக்காமல் கூட்டாக நின்றதால் தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸ் 51-இல் நின்றது. அந்தக் கூட்டில் இருந்த மார்க்சிஸ்டுகளுக்கு 11 இடம். வெளியே தனித்து நின்ற இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 2. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை ஒரே கட்சியாக இருந்தவர்கள் இவர்கள்! இதைவிடத் தெளிவாக ஒற்றுமையின் கணக்கை யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது.

ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் இந்தச் சங்கடம் ஒன்றுமே இல்லை. இருப்பது ஒரே நாற்காலி. பங்கிட்டுக்கொள்ளத் தொகுதி இல்லை. யாருடைய தொண்டனும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒற்றுமைக்கு விலையே இல்லாத ஒரே தேர்தல் இதுதான். இலவசமாகக் கிடைக்கிற ஒற்றுமையையே வாங்கத் தெரியாதவர்கள், விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒற்றுமையை எப்போது வாங்கப் போகிறார்கள்?

சட்டமும் இவர்களை ஒன்றுசேரச் சொல்லிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. 1967 ஜனாதிபதித் தேர்தலில் பதினேழு பேர் போட்டியிட்டார்கள்; அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. இப்படிப்பட்ட வேடிக்கைகளைத் தடுக்க 1974-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1997-இல் மறுபடியும் இறுக்கினார்கள். அதன்படி வேட்பு மனுவை ஐம்பது வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும்; வேறு ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும். வாக்காளர்கள் என்றால் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்க்சிஸ்டுகள் நால்வர், இந்தியக் கம்யூனிஸ்டுகள் இருவர், லிபரேஷன் இருவர், விடுதலைச் சிறுத்தைகள் இருவர், ம.தி.மு.க.வில் ஒருவர் வெற்றி பெற்றார்கள். அந்த ஒருவர் வென்ற திருச்சிராப்பள்ளித் தொகுதிக்குள்தான் நம் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் இருக்கின்றன. இவர்களோடு ஒவ்வொரு மாநிலச் சட்டசபையிலும் இருக்கிற தோழர்களைக் கூட்டித்தான் நூறு கையெழுத்தைத் தேட வேண்டும். தனியாக நின்று எண்ணினால் யாருக்கும் எட்டாது. கையெழுத்து வேட்டையே ஓர் ஒற்றுமைப் பயிற்சி ஆகிவிடும்.

*

"உங்கள் ஆளை நிறுத்தி எதிர்க்கட்சி ஓட்டைப் பிரித்தால் ஆளும் கட்சிக்கல்லவா லாபம்?" என்று அடுத்த அம்பு வரும். அறிந்தவர்களும் இந்த அம்பை எய்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாரோ அவருக்குச் சேர்த்துவிடுகிறார்கள். ஆகவே தன் ஆளுக்கு 1 போட்டுவிட்டு, பெரிய எதிர்க்கட்சியின் ஆளுக்கு 2 போட்டால் ஓட்டு வீணாவதே இல்லை. மனத்தில் உள்ளதையும் சொன்னதாயிற்று, காரியத்தையும் கெடுக்கவில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல; கறிக்கு உதவியிருக்கிறது. 1969 ஆகஸ்டில் காங்கிரஸ் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. நம் காமராஜர் இருந்த பக்கம் அது. பழைய தொழிற்சங்கத் தலைவர் வி.வி. கிரி சுயேச்சையாக எதிர்த்து நின்றார். பிரதமர் இந்திரா காந்தியின் பலம் அவர் பின்னால் இருந்தது. சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் என்ன செய்தன? தங்களுக்கென்று சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. முதல் எண்ணிக்கையில் யாரும் தேறவில்லை. இரண்டாவது விருப்பத்தை எண்ணியபோது தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பகுதி ரெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. வலதுசாரிகள் தங்கள் கொள்கையையும் பறைசாற்றினார்கள், தங்களுக்கு வேண்டியவருக்குக் கைகொடுக்கவும் செய்தார்கள். வலதுசாரிகளுக்குத் தெரிந்த இந்த உபாயம் இடதுசாரிகளுக்கு ஏன் தெரியவில்லை?

அந்தத் தேர்தலின் முடிவும் சின்னக் கட்சிகள் சட்டம்போட்டு மாட்டிவைத்துக்கொள்ள வேண்டிய முடிவு. கிரிக்கு 4,20,077. ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் 14,650. கம்யூனிஸ்டுகளும் தி.மு.க.வும் கிரியை ஆதரித்தார்கள். அன்று ஓர் எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 576, மக்களவையில் தி.மு.க.வுக்கு இருந்தது 25 பேர். பெருக்கிப் பாருங்கள்: 14,400. கிட்டத்தட்ட அந்த வித்தியாசத்தின் அளவு! டில்லியில் யாரும் பெரிதாக மதிக்காத ஒரு மாநிலக் கட்சியின் கைக்குள் அத்தனை பெரிய தராசின் முள் இருந்தது.

*

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் ஜெயித்தார் என்பதைவிட யார் எதற்காக நின்றார் என்று பார்ப்பது. அந்தக் கண்ணோடு இந்தத் தேர்தல்களில் தோற்றவர்களின் வரிசையைப் பார்க்கிறேன்.

1952-இல் முதல் தேர்தல். ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து இடதுசாரிகளின் ஆதரவோடு நின்றவர் பொருளாதாரப் பேராசிரியர் கே.டி. ஷா. பிரசாத்துக்கு 5,07,400, ஷாவுக்கு 92,827. யார் இந்த ஷா? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், இந்தியாவை "மதச்சார்பற்ற, சோஷலிஸ" நாடு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர். சபை அதைத் தள்ளியது. ஜனாதிபதித் தேர்தல் அவரையே தள்ளியது. ஆனால் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அந்த இரண்டு வார்த்தைகளும் முகவுரையில் ஏறின. அவற்றை எடுக்கச் சொல்லிப் போட்ட மனுக்களை 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. அந்த வார்த்தைகளை ஏற்றிய காலமும் விதமும் வேறு கதை. ஆனால் தோற்றுப்போனவரின் வார்த்தை நிலைத்து நிற்கிறது.

1974-இல் பக்ருதீன் அலி அகமதுவை எதிர்த்து நின்றவர் புரட்சி சோஷலிஸ்டுக் கட்சியின் திரிதிப் சௌதுரி. கட்சி சின்னது, மனிதர் நேர்மையானவர். 7,65,587-க்கு எதிரே 1,89,196 ஓட்டு. அப்போது இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி காங்கிரஸின் தோழமையில் இருந்தது. மார்க்சிஸ்டுகள் எதிர்வரிசையில் இருந்தார்கள். முற்போக்கு முகாமே இரண்டாகக் கிடந்தது. பத்தே மாதத்தில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அந்தத் தேர்தலில் ஜெயித்தவர்தான். சௌதுரிக்கு விழுந்த ஓட்டுகளை அப்போது வீண் ஓட்டு என்றவர்கள் அந்த ஜூன் மாதத்து இரவுக்குப் பிறகு என்ன சொல்லியிருப்பார்கள்?

1987-இல் நம் ராஜாமடத்துக்காரர் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து, இடதுசாரிகளும் மற்ற எதிர்க்கட்சிகளும் நிறுத்தியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-இல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்டு மந்திரி சபையில் சட்ட மந்திரி; பிற்பாடு சுப்ரீம் கோர்ட் நீதிபதி. சிறையில் கிடக்கும் ஏழைக்கும் சட்டம் உண்டு என்று தீர்ப்பெழுதியவர். 2,81,550 ஓட்டு வாங்கித் தோற்றார். அந்தத் தோல்வி அவருக்கும் அவமானமாகவில்லை, அவரை நிறுத்தியவர்களுக்கும் அவமானமாகவில்லை.

பிறகு 2002. குஜராத்தின் ரத்தம் காயாத வருஷம். நாராயணனுக்கே இரண்டாம் முறை வாய்ப்புத் தர வேண்டும் என்று இடதுசாரிகள் விரும்பினார்கள், அது நடக்கவில்லை. ராமேசுவரத்து அப்துல் கலாமை ஆளும் கட்சி நிறுத்தியது. காங்கிரஸ் ஒப்பியது. தி.மு.க.வும் ஒப்பியது, அ.தி.மு.க.வும் ஒப்பியது. அந்தக் கொண்டாட்டத்தின் நடுவே, நான்கு இடதுசாரிக் கட்சிகள் மட்டும் 87 வயதுப் பெண்மணி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தின. கேப்டன் லட்சுமி. "ஒரு தமிழரை எதிர்க்கிறார்களே" என்று நம் பக்கத்தில் பலர் முணுமுணுத்தார்கள். லட்சுமி யார்? சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நேதாஜியின் ஜான்சிராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர். அந்தப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் மிகப் பலர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறின! அந்தப் பெண்களின் தளபதியைத் தமிழச்சி அல்ல என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

கலாமுக்கு 9,22,884. லட்சுமிக்கு 1,07,366. பத்தில் ஒரு பங்குதான். கலாமின் பெருமையை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே திசையில் தலையாட்டிய நேரத்தில், பத்தில் ஒரு பங்காவது வேறு ஒன்றைச் சொன்னது. எதற்காகச் சொன்னார்கள் என்று இன்றைக்கும் விளக்கிச் சொல்ல முடிகிறது. அதுதான் முக்கியம்.

*

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள்.

2012. காங்கிரஸின் வேட்பாளர் பிரணாப் முகர்ஜி, எதிரே பி.ஏ. சங்மா. பத்து வருஷத்துக்கு முன்பு லட்சுமிக்குப் பின்னால் நின்ற அதே நான்கு கட்சிகள் இரண்டு இரண்டாகப் பிரிந்தன. மார்க்சிஸ்டுகளும் பார்வர்டு பிளாக்கும் பிரணாபுக்கு ஓட்டுப் போட்டார்கள். இந்தியக் கம்யூனிஸ்டுகளும் புரட்சி சோஷலிஸ்டுகளும் ஓட்டே போடவில்லை. யாருக்கு லாபம்? ஒருவருக்கும் இல்லை. அவர்கள் இல்லாமலே பிரணாப் ஏழு லட்சத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். அன்று அவர்கள் எடுத்த நிலைக்கு என்ன காரணம் என்று இப்போது கேட்டால், அந்தக் கட்சிகளின் தொண்டர்களில் எத்தனை பேர் சட்டென்று பதில் சொல்வார்கள்? ஜூலை 22-ஆம் தேதி அந்தத் தேர்தலின் முடிவு வெளிவந்தது. மறுநாள் கான்பூரில் கேப்டன் லட்சுமி கண்ணை மூடினார். கதையில் இப்படி எழுதினால் செயற்கை என்று வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். சரித்திரம் அந்தக் கோபத்துக்கு அஞ்சுவதில்லை.

2022. எதிர்க்கட்சிகள் சரத் பவாரிடம் போயின; பரூக் அப்துல்லாவிடம் போயின; ராஜாஜியின் பேரன் கோபாலகிருஷ்ண காந்தியிடம் போயின. மூவரும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் யஷ்வந்த் சின்ஹா கிடைத்தார். வாஜ்பாய் மந்திரி சபையில் நிதி மந்திரியாக இருந்தவர். அவர் போட்ட பட்ஜெட்டுகளை எதிர்த்து ஊர்வலம் போனவர்களே இப்போது அவருக்கு ஓட்டுக் கேட்டார்கள். எதிரே நின்றவரோ ஒரிசாவின் சந்தால் குலத்தில் பிறந்த ஆதிவாசிப் பெண்மணி. எதிர்க்கட்சிக் கூட்டில் இருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவே அவர் பக்கம் போய்விட்டது. திரௌபதி முர்மு 6,76,803 வாங்கினார், சின்ஹா 3,80,177. தோற்றது பெரிதில்லை. எதற்காகத் தோற்றோம் என்று சொல்லத் தெரியாமல் தோற்றதுதான் பெரிது. ஆயுசு முழுதும் உழைக்கிறவனுக்காகவும் ஒடுக்கப்பட்டவனுக்காகவும் பேசிய கட்சிகள், ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்கு எதிராக, தாங்கள் எதிர்த்துவந்த ஒரு நிதி மந்திரியை முன்னிட்டு நிற்கும்படி ஆயிற்று. தங்களுக்குள் ஓர் ஆதிவாசியோ, ஒரு தலித்தோ, ஓர் உழைப்பாளியோ முன்கூட்டியே கிடைக்கவில்லையா?

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை இது. நம் மாநிலத்திலும் அந்தக் கதை ஒருமுறை நடந்தது. ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகள் ஆகிய நான்கும் 2015-இல் மக்கள் நலக் கூட்டணி அமைத்தன. ஒரு செயல்திட்டமும் எழுதின. கந்தையானாலும் அது சொந்தத் துணி. 2016 மார்ச்சில் விஜயகாந்த்தை முதல் மந்திரி வேட்பாளராக ஏற்றார்கள். அதன் பிறகு செயல்திட்டத்தைப் பற்றி யார் பேசினார்கள்? மேடையெல்லாம் ஒரே பெயர்தான். முடிவில் 234 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் வெறும் 87 ஓட்டில் தோற்றார். "பார்த்தாயா, சின்னக் கட்சிகள் ஒன்றுசேர்ந்தால் இதுதான் கதி" என்று அன்று முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுசேர்ந்ததால் வந்த கதி அல்ல அது. ஒன்றுசேர்ந்த பிறகு தங்கள் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொருவர் முகத்தைக் காட்டியதால் வந்த கதி.

ஆகவே ஒரே வேட்பாளர் என்று நான் சொல்லும்போது யாராவது ஒரு பெரிய பெயரைப் பிடித்துவந்து முன்னால் நிறுத்துவதைச் சொல்லவில்லை. முதலில் நான்கு கோரிக்கைகள் எழுதப்பட வேண்டும். மாநிலச் சட்டசபை அனுப்பும் மசோதாவைக் காலவரையின்றிக் கிடப்பில் போடக் கூடாது என்பது ஒன்றாக இருக்கலாம். விசாரணையின்றிச் சிறையில் கிடப்பவர்களைப் பற்றி ஒன்று இருக்கலாம். அதன் பிறகு, அந்தக் கோரிக்கைகளைச் சொல்ல வாழ்க்கையிலேயே தகுதி பெற்ற ஒருவரைத் தேட வேண்டும். கோரிக்கை முதலில், பெயர் பிறகு. இந்த வரிசை மாறினால் 2016-தான், 2022-தான்.

*

"உங்களில் யார் பெயர் என்று கேட்டால் அங்கேயே அடிதடி வந்துவிடுமே!" என்று சிரிப்பவர்களும் உண்டு. 1964-இல் பிரிந்த இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் இன்னும் ஒன்றாகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுவார்கள். சிரிக்கட்டும். சகோதரர்கள் ஒரே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொத்து வழக்கு நடத்திக்கொண்டிருக்கிற சகோதரர்கள்கூடத் தங்கையின் கல்யாணத்துக்கு ஒரே பந்தலில் நிற்கிறார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் வழக்கைத் தொடர்ந்து நடத்திக்கொள்ளட்டுமே!

நான் இதைச் சொல்லப் புதுக்கோட்டையைவிடத் தகுந்த ஊர் கிடையாது. 1952-இல் நாடு முழுதும் காங்கிரஸ் அலை அடித்தபோது, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி என்ற ஒரு சின்னக் கட்சியின் முத்துசாமி வல்லத்தரசுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. 1962-லும் 1967-லும் ஆர். உமாநாத்தை அனுப்பிய ஊர். முதல் முறை பிரியாத கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பில், இரண்டாம் முறை மார்க்சிஸ்டுகளின் சார்பில். 2008 தொகுதிச் சீரமைப்பில் புதுக்கோட்டை என்ற பாராளுமன்றத் தொகுதியே இல்லாமல் போயிற்று. மாவட்டத்தைத் துண்டு போட்டுத் திருச்சிக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் கரூருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சிதறிக் கிடந்தால் பெயரே இல்லாமல் போய்விடும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, அரசு அதிகாரியும் இடதுசாரி இளைஞனும் கட்சியே இல்லாத வாத்தியாரும் ஒரே அரிக்கன் விளக்கடியில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள். கல்லுடைக்கிற பெண்களும் வயல் வேலைக்குப் போகிற பெண்களும் எழுத்துக் கற்றதோடு நிற்காமல் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். பாடம் நடத்தியவர்கள் தங்களுக்குள் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போனவர்கள் அல்லர். ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அது போதுமானதாக இருந்தது.

தோல்வியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு இந்த ஊர் பெற்ற இன்னொருவரையும் நினைவூட்டுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர் ஆனவர். தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும் என்று அவர் அந்தச் சபையில் எழுந்து பேசியபோது, பக்கத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் முகம் சுளித்தார்கள்! சட்டம் வந்தது 1947-இல்தான். இருபது வருஷம் ஆயிற்று. "இப்போது ஜெயிக்காது" என்று அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சட்டம் 1947-லும் வந்திருக்காது.

2022 ஜூலை 25-ஆம் தேதி பதவியேற்ற ஜனாதிபதியின் ஐந்தாண்டு 2027 ஜூலையோடு முடிகிறது. திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கும் பழக்கத்தை அதற்கு முன்பே விட்டொழிக்க வேண்டும். நூறு கையெழுத்து வேண்டும். நான்கு கோரிக்கை வேண்டும். ஒரு மனிதர் வேண்டும். சீட்டில் அவருக்கு 1, பெரிய எதிர்க்கட்சி நிறுத்துகிறவருக்கு 2. இதைச் செய்வதால் எந்தக் கட்சியும் ஒரு தொகுதியையும் இழக்காது. ஒரு தொண்டனும் மனம் கசக்க மாட்டான். கந்தர்வகோட்டையில் 2021-இல் அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்துக்கு ஓட்டுப் போட்ட கூலிக்காரப் பெண், தன் 176-க்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், நிமிர்ந்து நின்று பதில் சொல்லவும் முடியும்.